மாமாவின் பரணில் ஒரு நேட்: பழைய பிளாஸ்டிக் விமான கிட்டை வாசிப்பது எப்படி?

போன செமஸ்டர் லீவுல காக்களூர் எஸ்டேட்டில் ஒரு மோல்டிங் யூனிட்டுக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் புட்லூர், உட்கார இடம் தேடுறதுக்குள்ள இறங்கிடலாம். முதல் ரெண்டு நாள் எங்களை மெஷின் பக்கமே விடவில்லை. ஒரு ஸ்டூலைக் கொடுத்து, மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மெஷினிலிருந்து விழும் ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் சவ்வு மாதிரி மெல்லிசா ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை பிளேடால் சீவி எடுப்பது அவர் வேலை. நாள் பூரா அதேதான்.

"இது என்னண்ணா?" என்று கேட்டேன்.

"ஃப்ளாஷ், தம்பி. டைக்கு வயசாயிடுச்சு. வயசானா நமக்கு வாய் ஓரமா வழியும்ல, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் காரணம் வேற. முந்தின நாள் ராத்திரி வீட்டில் நானும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் கையில் இருந்தது மூடி இல்லை, ஒரு விமானத்தின் இறக்கை. நீளம் விரல் அளவு.

அந்த இறக்கை எங்க மாமாவோடது. அம்மாவின் தம்பி. 1980-களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இருந்தது 'நேட்' என்ற குட்டி ஜெட் விமானம், 1/72 அளவில். பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டார். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது என் கையில் கிடைத்தது. "1971 சண்டையில பாகிஸ்தான் சேபரை விழ வெச்ச பிளேன்டா அது. அப்ப எனக்கு ஒன்பது வயசு, ரேடியோவுல பேரு கேட்டிருக்கேன். நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, கட்டிக் குடு" என்றார். வேலையை ஏற்றுக்கொண்டேன். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: பிளாஸ்டிக் கிட் என்பது, நிஜ விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, துண்டு துண்டாக வார்த்து, ஃப்ரேமில் ஒட்டியபடியே பெட்டியில் போட்டுத் தருவது. வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் நம்பர், வட்டச் சின்னம் எல்லாம் டீகால் ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும். 1/72 என்றால் நிஜத்தில் ஆறடி இருப்பது கிட்டில் ஒரு அங்குலம். ஆறடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். பைலட் பொம்மை ஒரு அங்குலம் இருந்தால் அளவு சரி என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இந்த 1/72 அளவில் முதலில் பிளாஸ்டிக் கிட் விற்றது இங்கிலாந்தின் 'ஃப்ராக் பெங்குயின்' வரிசை, 1936-ல். ஆனால் அது செல்லுலோஸ் அசிடேட். அந்த பிளாஸ்டிக் ஈரத்தை இழுக்கும், வருஷம் போகப் போக முறுக்கிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு பெங்குயின் பெட்டி கிடைத்தால் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏர்ஃபிக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1939-ல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் லண்டனில் ஆரம்பித்தபோது விற்றது காற்றடிக்கும் ரப்பர் பொம்மைகள். அப்புறம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் வாங்கி சீப்பு செய்தார்கள். ஆமாம், தலை வாருகிற சீப்பு. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்களிடம் கொடுக்க ஒரு சின்ன டிராக்டர் மாடல் கேட்டது, செய்து கொடுத்தார்கள். கோத்துக் கொடுக்கும் செலவு அதிகமாக இருந்ததால் பிறகு அதையே துண்டுகளாக, கிட்டாக விற்றார்கள். 1952-ல் வுல்வொர்த் கடைகளுக்காக 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் வந்தது. விலை இரண்டு ஷில்லிங்கைத் தாண்டக்கூடாது. அதனால் அட்டைப் பெட்டி கிடையாது, பாலிதீன் பையும் மேலே ஒரு மடித்த காகிதமும்தான். பிளாஸ்டிக்கையும் அசிடேட்டிலிருந்து பாலிஸ்டைரீனுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தால்தான் அறுபது வருஷத்து ஏர்ஃபிக்ஸ் கிட்டை இன்றைக்கும் எடுத்துக் கட்ட முடிகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கம்பெனிகள் செத்தாலும் டை சாகவில்லை என்பது. 1981-ல் ஏர்ஃபிக்ஸ் திவாலானது. அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் தன் பாலிடாய் கம்பெனி வழியாக வாங்கியது, டைகள் பிரான்சின் கலே நகருக்குப் போயின. 1986-ல் ஹம்ப்ரால் கைக்கு வந்தது. 2006-ல் ஹம்ப்ராலும் விழ, ஹார்ன்பி வாங்கியது. ஃப்ராக் டைகளின் பயணம் இதைவிட நீளம். 1970-களின் நடுவில் அவற்றில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய், 'நோவோ' என்ற பெயரில் அங்கிருந்து கிட்டாக வந்தன. ஜெர்மன், ஜப்பான் விமானங்களின் டைகளை மட்டும் சோவியத்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவை ரெவெல் கம்பெனிக்குப் போயின. ஒரு எஃகுக் கட்டிக்கு இவ்வளவு அரசியல். நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு: 2010-களில் வந்த பல ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளின் ஓரத்தைப் பார்த்தால், இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சடித்திருக்கும்.

ஆக, பழைய கிட் ஒன்றை வாங்குகிறோம் என்றால் நாம் உண்மையில் வாங்குவது ஒரு டையின் அச்சு. அந்த டையை யார் எப்படி வெட்டினார்கள், எத்தனை தடவை மூடித் திறந்தார்கள், என்ன அவசரம் இருந்தது, எல்லாமே பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். கிட்டில் 'குறை' என்று விமர்சகர்கள் சொல்வதையெல்லாம் எடுத்துப் பார்த்தால், நம்ம மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி புக்கில் இருக்கும் சாப்டர் அப்படியே கையில் இருக்கிறது.

கோடு ஏன் மேலே துருத்துது?

மாமாவின் நேட் இறக்கையைத் தடவினால் நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள் மேலே எழும்பி நிற்கும். தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் அவை. நிஜ விமானத்தில் தகடு சேரும் இடம் ஒரு மெல்லிய இடுக்கு, பள்ளம். அப்போ கிட்டில் ஏன் மேடு? இந்தக் கேள்விக்கு யூடியூபில் 'அந்தக் காலத்துல டெக்னாலஜி இல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டெக்னாலஜி இருந்தது. அது எந்தத் திசையில் வேலை செய்தது என்பதுதான் விஷயம்.

டை என்பது பொருளின் தலைகீழ். டையில் பள்ளம் என்றால் பிளாஸ்டிக்கில் மேடு. அந்தக் காலத்தில் பேட்டர்ன் மேக்கர் விமானத்தின் பாகத்தை இரண்டு மூன்று மடங்கு பெரிதாகச் செய்வார். அதிலிருந்து ஒரு வார்ப்பு எடுத்து, பேன்டோகிராஃப் மெஷினில் வைப்பார்கள். ஒரு முனை வார்ப்பின் மேல் ஊர்ந்து போகும், மறுமுனையில் இருக்கும் கட்டர் அதே அசைவைச் சுருக்கி எஃகில் வெட்டும். இறக்கையின் வடிவம் இப்படி வந்துவிடும். அப்புறம் கோடுகள். எஃகுக் குழிக்குள் ஒரு கோடு போட வேண்டும் என்றால் கூர்மையான கருவியால் கீறினால் போதும், கைத்தேர்ந்த ஆள் ஒரு நாளில் முடித்துவிடுவார். அந்தக் கீறலில் பிளாஸ்டிக் போய் நிரம்பினால் மேடு வரும்.

பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டும் என்றால் டையில் கோடு மேடாக நிற்க வேண்டும். அதாவது அந்த ஒரு மெல்லிய கோட்டை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மொத்த எஃகையும் அரை மயிரிழை ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். ஒரு வயலில் வரப்பை மட்டும் விட்டுவிட்டு மீதி மண்ணையெல்லாம் அள்ளுகிற வேலை. கையால் செய்தால் டைமேக்கர் அழுதுவிடுவார். பின்னாட்களில் ஈ.டி.எம். பரவலாகி, எலக்ட்ரோடில் கோட்டைக் கீறி ஸ்பார்க் மூலம் எஃகை அரிக்கும் முறை கைக்கு வந்ததும், பள்ளக் கோடு சாதாரணமாகிவிட்டது. நம்ம லேபில் தூசு படிந்து நிற்கிற அதே ஸ்பார்க் எரோஷன் மெஷின்தான் மக்களே. எலக்ட்ரோடில் பள்ளம், டையில் மேடு, பிளாஸ்டிக்கில் மறுபடி பள்ளம். ரெண்டு தடவை தலைகீழ் ஆனால் நேராகிவிடும்.

ரிவெட்டும் இதே கதை. டையில் ஒரு பஞ்ச் வைத்துத் தட்டினால் குழி, பிளாஸ்டிக்கில் குமிழ். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிட்டில் 0.3 மி.மீ. அகலமுள்ள ரிவெட் குமிழை 72-ஆல் பெருக்கினால் 21.6 மி.மீ. நிஜ விமானத்தில் அவ்வளவு பெரிய ரிவெட் தலை, கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் பைலட் ஏறவே மாட்டார். ஜெட் விமானங்களில் ரிவெட் தலையைத் தகட்டோடு சமமாக இறக்கிவிடுவார்கள், வெளியே ஒன்றுமே தெரியாது. அப்போ ஏன் போட்டார்கள்? வாங்குகிற பையனுக்குப் பிடித்ததால். ரிவெட் அதிகம் இருந்தால் 'டீடெய்ல்' அதிகம் என்று தோன்றுகிற வயசு அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இறக்கையின் பின் ஓரம் இன்னொரு கூத்து. நிஜத்தில் கத்தி மாதிரி இருக்க வேண்டியது கிட்டில் பெரும்பாலும் 1 மி.மீ. இருக்கும். 72 மடங்கில் 7 செ.மீ.க்கு மேல், உள்ளங்கை அகலம். அந்த அளவு தடிமன் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஓரம் வரை ஓடிச் சேர்வதற்குள் குளிர்ந்துவிடும், 'ஷார்ட் ஷாட்' ஆகி இறக்கை நுனி இல்லாமல் வரும். எலி கடித்த மாதிரி. அதனால் வேண்டுமென்றேதான் தடிமன் விட்டார்கள். அதே சமயம் எங்கேயாவது தடிமன் ரொம்ப அதிகமானால், வெளித்தோல் இறுகிய பிறகும் உள்ளே சூடு இருக்கும். உள்பக்கம் மெதுவாகச் சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுத்து ஒரு குழி விழும். அது சிங்க் மார்க். மாமாவின் நேட்டில், உள்ளே பொருத்துக்குச்சி நிற்கிற இடத்துக்கு நேர் வெளியே, சரியாக ஒரு குழி இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடலாம்.

இப்போ அந்த அண்ணன் சொன்ன ஃப்ளாஷ். டையின் இரண்டு பாதியையும் மெஷின் அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளே உருகிய பிளாஸ்டிக் வெளியே தள்ளும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு கிட் ஃப்ரேமின் நிழல் பரப்பு 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், உள்ளழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 300 கிலோ. பெருக்கினால் 45,000 கிலோ. 45 டன்னுக்கு மேல் பிடித்தால்தான் டை திறக்காமல் இருக்கும். புது டையில் இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி ஒட்டும். ஆயிரக்கணக்கில் மூடித் திறந்து ஓரம் மழுங்கிவிட்டால், எவ்வளவு டன் போட்டாலும் அந்த மழுங்கலில் பிளாஸ்டிக் கசியும். ஆகவே ஒரே கிட்டின் முதல் வருஷப் பெட்டியும் இருபது வருஷம் கழித்து வந்த பெட்டியும் ஒன்றில்லை. பழைய கிட் சேகரிக்கிறவர்கள் 'முதல் அச்சு' பெட்டிக்கு அதிக விலை கொடுப்பதில் கொஞ்சம் பைத்தியம் இருக்கிறது, ஆனால் முழுப் பைத்தியம் இல்லை.

வில்லங்கம்

மூக்கும் உடம்பும் ஒட்டாமல் சும்மா சேர்த்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. காக்பிட்டில் இரண்டு சீட்.

இந்திய விமானப்படை ஓட்டிய நேட், எஃப்.1 ரகம். ஒரே ஆள் உட்காரும் போர் விமானம். டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் என்ற பிரிட்டிஷ் டிசைனரின் வேலை. போர் விமானங்கள் தேவையில்லாமல் கனத்துக்கொண்டே போகின்றன என்று அவருக்கு எரிச்சல். சின்னதாக, மலிவாக, ஆனால் சண்டை போடக்கூடியதாக ஒன்று செய்து காட்டினார். பிரிட்டிஷ் விமானப்படை அதைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியா எடுத்தது, பெங்களூரு எச்.ஏ.எல்.லில் லைசன்ஸ் வாங்கிக் கட்டியது. 1971 நவம்பர் 22 அன்று, போர் அறிவிப்புக்கு முன்பே, போய்ரா பகுதியின் மேல் நான்கு நேட் விமானங்கள் பாகிஸ்தான் சேபர்களை மறித்தன. அந்தச் சண்டையில் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்பாடு அந்த நாட்டு விமானப்படைக்கே தளபதி ஆனார். டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரிலிருந்து தாக்குதலுக்கு நடுவே மேலேறிப் போராடி உயிரைவிட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நேட்தான். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்.

மாமா ரேடியோவில் கேட்ட நேட் இதுதான். பரணில் இருந்ததோ, ஏர்ஃபிக்ஸ் 1960-களில் டை வெட்டிய நேட் டி.1, பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டு சீட் பயிற்சி விமானம். 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு 1965-லிருந்து 1979 வரை ஓட்டியது இதைத்தான். பெட்டி மேல் சிவப்பு கலரில் படம் இருந்ததை மாமா பார்த்திருக்கிறார். கலர்தானே, மாத்திக்கலாம் என்று நினைத்துவிட்டார்.

கலர் மட்டும் என்றால் நானும் மாற்றியிருப்பேன். அளவே வேறு. எஃப்.1 நீளம் 8.74 மீட்டர், இறக்கை விரிவு 6.73 மீட்டர். டி.1 நீளம் 9.68 மீட்டர், விரிவு 7.32 மீட்டர். 1/72-ல் பார்த்தால் நீளத்தில் 13 மி.மீ., விரிவில் 8 மி.மீ. வித்தியாசம். மூக்கை அறுத்து, ஒரு சீட்டைத் தூக்கி, இறக்கையைச் சின்னதாக்கி, வாலைச் செதுக்கி... மூணு நாள் பேப்பரில் வரைந்து பார்த்தேன். கடைசியில் கையில் மிச்சம் இருப்பது மாமாவின் கிட்டாக இருக்காது, பாலிஸ்டைரீன் குப்பையாக இருக்கும். இந்திய நேட் வேண்டும் என்றால் அந்த எஃப்.1 ரகத்துக்கென்றே வந்த கிட்டைத் தேடுவதுதான் வழி. பெட்டி மேல் 'நேட்' என்று இருந்தால் வாங்கிவிடாதீர்கள், சீட்டை எண்ணிப் பாருங்கள்.

மாமாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ நாப்பது வருஷமா தப்பான பிளேனையாடா காப்பாத்தி வெச்சிருந்தேன்?" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "தப்பான பிளேன் இல்ல மாமா, அதோட தம்பி" என்றேன். "சரி விடு. செவப்பே அடி" என்று வைத்துவிட்டார்.

கட்டும்போது

பழைய கிட் கட்டப் போகிறவர்களுக்கு, நான் கெடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேமோடு அப்படியே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணியில் கழுவுங்கள். டையிலிருந்து எளிதாகக் கழல அடித்த ரிலீஸ் ஏஜென்ட், பரண் புகை, கை எண்ணெய் எல்லாம் மேலே இருக்கும், விட்டால் பெயின்ட் உரியும். பாகங்களைத் திருகிப் பிய்க்கவே கூடாது. பழைய பிளாஸ்டிக் மொறுமொறுப்பாக இருக்கும், கேட் இருக்கும் இடத்தில் சதையோடு பிய்ந்து வரும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை பிளேடாலும் 600 நம்பர் தண்ணி எமரி ஷீட்டாலும் எடுங்கள்.

உடம்பின் ஒரு பாதி வளைந்திருந்தது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால்தான் நன்றாக இளகும், கொதிநீரில் போட்டால் கிட் கூழாகிவிடும். 60, 70 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் முக்கி, நேரான பாதியோடு சேர்த்துக் கட்டி, பச்சைத் தண்ணியில் போட்டேன். முதல் தடவை பாதிதான் நேரானது, மூன்றாம் தடவை சரியானது. அவசரப்பட்டு ஒரேயடியாக நிமிர்த்தினால் மடக்கென்று ஒடியும்.

ஒட்டுவது பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கிட் சிமென்ட் என்பது பசை இல்லை, கிட்டத்தட்ட வெல்டிங். அதில் இருக்கும் கரைப்பான் இரண்டு பாகத்தின் விளிம்பையும் கரைக்கும். இந்தப் பக்கத்து பாலிமர் சங்கிலி அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். அதனால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷில் இடுக்கின் ஒரு இடத்தில் தொட்டால் போதும், கேப்பிலரி ஆக்‌ஷனில் அதுவே நீளத்துக்கும் ஓடும். ஹார்டுவேர் கடை தின்னரிலும் இந்த மாதிரிக் கரைப்பான்கள் உண்டுதான், ஆனால் டப்பாவுக்கு டப்பா கலவை மாறும். முதலில் ஃப்ரேம் துண்டில் சோதிக்காமல் விமானத்தில் வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் தலைசுற்றல் நிச்சயம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், மேல்தோலை கொழகொழவென்று ஆக்கிவிட்டுப் போகும். வெட்டிய ஃப்ரேம் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சின்னதாக நறுக்கி அதே சிமென்ட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் இடுக்கு அடைக்க சரியான மாவு கிடைக்கும், கிட்டின் அதே பிளாஸ்டிக், அதே கலர்.

கேனப்பியில் நான் சூப்பர் குளூ வைத்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது, கண்ணில் புரை விழுந்த மாதிரி. அந்த குளூவின் ஆவி சுற்றியிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து படிவதால் அப்படி ஆகிறது, செவ்வாப்பேட்டை மழைக்கால ஈரத்தில் கேட்கவே வேண்டாம். 2000 நம்பர் எமரியும் டூத்பேஸ்ட்டும் வைத்து இரண்டு ராத்திரி தேய்த்து முக்கால்வாசி மீட்டேன். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும். உலர்ந்தால் தெளிவாகிவிடும்.

இன்னொன்று, மூக்கில் எடை. மூக்குச் சக்கரத்தில் நிற்கும் விமானம் என்றால் மொத்தக் கனமும் பின் சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும், இல்லாவிட்டால் வால் குத்தி உட்கார்ந்துவிடும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான், மொமென்ட் எடுத்தால் முடிந்தது. டயர் கடையில் வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டுகிற ஈயத் துண்டில் பாதி கேட்டு வாங்கி மூக்குக்குள் வைத்தேன். இதை உடம்பை ஒட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? எனக்குச் சொல்ல ஆள் இருந்திருந்தால் ஒட்டியதைப் பிளந்திருக்க மாட்டேன்.

சரி, துருத்தும் கோடுகளை என்ன செய்வது? தீவிரமானவர்கள் எல்லாவற்றையும் தேய்த்துத் தட்டையாக்கி, ஊசியால் புதிதாகப் பள்ளம் கீறுவார்கள். அருமையான வேலை, பொறுமைக்கு வணக்கம். நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம் பாதி. மீதி என்னவென்றால், அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டைமேக்கர் எஃகில் குனிந்து கையால் இழுத்தது. இடது இறக்கையில் ஒரு கோடு கடைசி இரண்டு மி.மீ.யில் லேசாக வழுக்கிப் போயிருக்கிறது. கருவி சறுக்கியிருக்க வேண்டும். அதை அழிக்க மனசு வரவில்லை. ஓரத்து ஃப்ளாஷை மட்டும் சீவினேன், இணைப்பு தெரியும் இடங்களைத் தேய்த்தேன், அவ்வளவுதான். நிஜ விமானத்துக்கு நெருக்கமாக வேண்டும் என்றால் இன்றைய புது கிட் வாங்கலாம். பழைய கிட் வாங்கிவிட்டு அதைப் புது கிட் ஆக்கப் பாடுபடுவது எனக்கு ஒத்துவரவில்லை.

பிரிக்காத பெட்டியைக் கட்டினால் மதிப்பு போய்விடுமே என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். போகும்தான். ஆனால் பரணில் இருந்தால் மட்டும் அது அப்படியே இருக்காது. டீகால் ஷீட்டில் இருக்கும் வார்னிஷ் மஞ்சளாகிக்கொண்டே போகும், கடைசியில் தண்ணீரில் போட்டதும் நூறு துண்டாக உடையும். எங்கள் ஷீட் ஏற்கெனவே பழுத்த பலா இலை கலரில் இருந்தது. இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: ஷீட்டை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, படம் வெளிப்பக்கம் பார்க்க, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைப்பது. புற ஊதா ஒளி மஞ்சளை வெளுக்கும். அடுத்து, உடையாமல் இருக்க மேலே மெல்லிசாக ஒரு கோட் கிளியர் லேக்கர் அடித்துக் காய வைத்து, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.

சிவப்பு பெயின்ட் டூ வீலர் பெயின்ட் கடையில் வாங்கிய ஸ்ப்ரே டப்பா. லேக்கர் பெயின்ட் பிளாஸ்டிக்கைக் கடிக்கும் என்பதால் தூரத்திலிருந்து புகை மாதிரி தூவித் தூவி ஐந்து தடவையாக அடித்தேன். வாலின் அடியில் ஒரு சொட்டு வழிந்திருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிடலாம்.

டீகால் ஷீட் இப்போது எங்க வீட்டு மேற்கு ஜன்னலில் பன்னிரண்டாவது நாளாகத் தொங்குகிறது. மஞ்சள் பாதிக்கு மேல் போய்விட்டது. மாமா தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்கிறார், கூடவே அந்த ஒத்த சீட் கிட் எங்கே கிடைக்கும் என்றும்.